ஓட்டுநர் இல்லாத காரை நம்பலாமா?

“சார், ஓட்டுநர் இல்லாத காரில் நீங்கள் ஏறுவீர்களா?”

பிரேக்கை அழுத்தியபின் ஒரு வண்டி எவ்வளவு தூரம் ஓடி நிற்கும் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசை மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டார். வகுப்பு சிரித்தது. ஆனால் அது சிரித்து ஒதுக்கக்கூடிய கேள்வியன்று.

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரப் பகுதியில் 2020 அக்டோபர் முதல், ஓட்டுநர் இருக்கையில் யாருமே இல்லாத வாடகைக் கார்களில் பொதுமக்கள் சென்று வருகின்றனர். இவற்றை ஓட்டும் வேமோ நிறுவனம், 2009 இல் கூகுளில் தொடங்கிய ஓர் ஆய்விலிருந்து பிறந்தது. சான்பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களிலும் அதன் மின்சாரக் கார்கள் ஓடுகின்றன. ஆனால், அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2025 இல் நடத்திய கருத்துக் கணிப்பில், இத்தகைய காரில் ஏறத் துணிவோம் என்றவர்கள் 100 பேரில் 13 பேர்தாம். பத்தில் ஆறு பேர் அச்சம் தெரிவித்தனர். இந்த அச்சம் அறியாமையால் வந்ததா, அல்லது அதில் நியாயம் உண்டா? ஆராய்ந்து பார்ப்போம்.

காரின் கண்கள்

தானே ஓடும் கார் சுற்றுப்புறத்தைப் பலவகைக் கருவிகளால் அறிகிறது. காமிராக்கள் விளக்கின் நிறத்தையும் சாலைக் குறிகளையும் பார்க்கின்றன. ராடார் வானொலி அலைகளை அனுப்பி, எதிரொலித்து வரும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்து, எதிரிலுள்ள பொருளின் வேகத்தைக் கணிக்கிறது. நீங்கள் பாடத்தில் படித்த டாப்ளர் விளைவுதான் இது. மூன்றாவது கருவி லைடார். இது லேசர் ஒளித் துடிப்புகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. 30 மீட்டர் தொலைவிலுள்ள ஒரு மரத்திற்கு ஒளி போய்த் திரும்ப 60 மீட்டர் செல்ல வேண்டும். ஒளியின் வேகம் விநாடிக்கு 30 கோடி மீட்டர் ஆதலால், இதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியின் 50 லட்சத்தில் ஒரு பங்கு! இவ்வாறு விநாடிக்குப் பல லட்சம் துடிப்புகளை அனுப்பி, சுற்றுப்புறத்தைப் புள்ளிகளால் ஆன ஒரு படமாக லைடார் தீட்டிவிடுகிறது.

இக்கருவிகளுக்குத் தூக்கம் இல்லை. மது மயக்கம் இல்லை. தொலைபேசியில் பேசும் ஆசையும் இல்லை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு மனிதர் பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி ஆகுமெனில், அதற்குள் 25 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்த பின்னும் சுமார் 20 மீட்டர் ஓடித்தான் வண்டி நிற்கும். கணிப்பொறி அரை விநாடியில் முடிவெடுத்தால் அந்த 25 மீட்டர் 8 மீட்டராகக் குறைகிறது. இவ்வளவும் நம்பிக்கை தரும் செய்திகளே. ஆனால் கதை இங்கே முடியவில்லை.

கண்டது வேறு, புரிந்துகொண்டது வேறு

2018 மார்ச் 18 ஆம் நாள் இரவு, அரிசோனா மாநிலத்தின் டெம்பே நகரில், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணி மீது ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதியது. அவர் உயிரிழந்தார். தானே ஓடும் கார் மோதிப் பாதசாரி ஒருவர் இறந்த முதல் நிகழ்ச்சி இதுவே.

கார் அவரைக் காணவில்லையா? கண்டது! மோதலுக்கு 5.6 விநாடிக்கு முன்பே கருவிகள் அவரை உணர்ந்துவிட்டன என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. அப்போது காரின் வேகம் மணிக்குச் சுமார் 69 கி.மீ. அதாவது 100 மீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளி இருந்தது. அந்த வேகத்தில் செல்லும் காரை 30 மீட்டருக்குள் நிறுத்திவிடலாம். பிறகு ஏன் நிற்கவில்லை?

கணிப்பொறி அவரை முதலில் வாகனம் என்றது. பிறகு இன்னதென்று தெரியாத பொருள் என்றது. பிறகு மிதிவண்டி என்றது. ஒவ்வொரு முறை பெயரை மாற்றும்போதும், அதுவரை அப்பொருள் நகர்ந்து வந்த பாதையை மறந்து, புதிதாகக் கணக்கிடத் தொடங்கியது. கடக்குமிடம் அல்லாத இடத்தில் ஒருவர் குறுக்கே நடந்து வரக்கூடும் என்பதே அதன் செயல்திட்டத்தில் இல்லை. காரைத் தயாரித்தவர்கள் பொருத்தியிருந்த தானியங்கு அவசரப் பிரேக்கும் செயல்படாதபடி வைக்கப்பட்டிருந்தது. கண்காணிக்க அமர்ந்திருந்தவரோ சாலையைப் பார்க்காமல் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? கருவியின் கூர்மை வேறு, அது தரும் செய்தியைப் பொருள்கொள்ளும் அறிவு வேறு. மனித ஓட்டுநர் எதிரே வருவது இன்னதென்று தெரியாவிட்டாலும் “ஏதோ வருகிறது” என்று வேகத்தைக் குறைப்பார். அந்த எளிய எச்சரிக்கையைக்கூட இயந்திரத்திற்கு ஒருவர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். மேலும், ஓர் ஓட்டுநரின் பிழை அவர் ஒருவருடையது. செயல்திட்டத்தில் உள்ள பிழையோ அதே திட்டத்தால் ஓடும் எல்லாக் கார்களிலும் இருக்கும். ஆனால் திருத்தமும் அவ்வாறே ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும் என்பதையும் மறக்கலாகாது.

எத்தனை கிலோமீட்டர் ஓடினால் நம்பலாம்?

“பத்து லட்சம் கி.மீ. விபத்தின்றி ஓடியது” என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தால் நாம் நம்பலாமா? இதற்கு நிகழ்தகவுக் கணக்கு விடை கூறும்.

2013 ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அமெரிக்கச் சாலைகளில் சராசரியாக 14.8 கோடி கி.மீ. ஓட்டத்திற்கு ஓர் உயிர் போயிற்று. தானே ஓடும் கார்கள் 14.8 கோடி கி.மீ. ஓடி ஓர் உயிரும் போகவில்லையென்றால், அவை மனிதரைவிடச் சிறந்தவை என்று கூறிவிட முடியாது. அரிதான நிகழ்ச்சிகளில் சராசரியாக ஒன்று எதிர்பார்க்கப்படும் இடத்தில், ஒன்றுமே நிகழாமல் போவதற்கு 100 க்கு 37 வாய்ப்பு உண்டு. வெறும் நற்பேறாகவே அது இருக்கலாம். சராசரியாக மூன்று எதிர்பார்க்கப்படும் இடத்தில் ஒன்றுகூட நிகழாதிருக்க 100 க்கு 5 வாய்ப்புத்தான். ஆகவே மூன்று மடங்கு, அதாவது சுமார் 44 கோடி கி.மீ., ஓர் உயிரிழப்புமின்றி ஓடிக் காட்டினால்தான் 100 க்கு 95 உறுதியோடு பேசலாம். ராண்ட் என்னும் ஆய்வு நிறுவனம் 2016 இல் வெளியிட்ட கணக்கு இதுவே. 100 கார்கள் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இரவு பகலாக ஓடினாலும் இதற்குப் பன்னிரண்டரை ஆண்டு ஆகும்!

வேமோ கார்கள் ஓட்டுநரின்றி ஓடிய தூரம் 2025 ஜூலையில் 16 கோடி கி.மீ. கடந்தது. காயம் விளைவிக்கும் விபத்துகள் மனிதர் ஓட்டும் கார்களைவிடக் கணிசமாகக் குறைவு என்று அந்நிறுவன ஆய்வாளர்களின் கட்டுரைகள் கூறுகின்றன. காயங்கள் உயிரிழப்பைவிட அடிக்கடி நிகழ்வதால், அவற்றைப் பற்றி இந்தத் தூரத்திலேயே ஓரளவு முடிவு சொல்ல முடியும். எனினும் இதுவும் அந்தந்த நகரத்திற்கு, அந்தந்தத் தட்பவெப்பத்திற்கு உரிய முடிவே. வெயில் நகரத்தில் பெற்ற சான்று பனி நகரத்திற்குச் செல்லாது.

மறைத்ததால் வந்த கேடு

2023 அக்டோபர் 2 ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில், மனிதர் ஓட்டிய ஒரு கார் பெண்மணி ஒருவர் மீது மோதிவிட்டுப் போய்விட்டது. மோதிய வேகத்தில் அவர் குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லா மின்சாரக் காரின் முன் வீசப்பட்டார். அது பிரேக் பிடித்தும் அவர்மீது மோதி நின்றது. பின்னர், பக்கவாட்டில் ஏதோ மோதியதாகத் தவறாக எண்ணிச் சாலையோரம் ஒதுங்க முயன்று, அடியில் சிக்கியிருந்தவரை ஏறத்தாழ 6 மீட்டர் இழுத்துச் சென்றது.

முதல் குற்றம் அந்தக் காருடையதன்று. ஆயினும் குரூஸின் ஓட்டும் உரிமத்தைக் கலிபோர்னியா அரசு அதே மாதம் நிறுத்திவைத்தது. அரசுக்கு அளித்த அறிக்கையில் இழுத்துச் சென்ற செய்தியை நிறுவனம் விட்டுவிட்டிருந்தது. பொய்யறிக்கை அளித்ததை 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் அபராதம் செலுத்தவும் இசைந்தது. அடுத்த மாதமே, உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் வாடகைக் கார்த் திட்டத்தைக் கைவிட்டது. மோதலைப் பொறியியல் பிழை என்று திருத்தியிருக்கலாம். மறைத்த பிழையைத் திருத்த எந்தச் செயல்திட்டமும் இல்லை.

ஏறுபவர் மட்டும் நம்பினால் போதுமா?

காரில் ஏறுபவர் விரும்பி ஏறுகிறார். தெருவில் நடப்பவரை யாரும் கேட்பதில்லை. அவருடைய நம்பிக்கையும் வேண்டும். மின்சாரக் கார் மெல்லச் செல்லும்போது ஓசையே எழுவதில்லை. பார்வையற்றவர்களுக்கு இது பெரிய ஆபத்து. ஆகவே ஐரோப்பாவில் 2019 ஜூலை முதல் புதிய வகை மின்சாரக் கார்கள், மணிக்கு 20 கி.மீ. வேகம் வரை செயற்கையாக ஓசை எழுப்ப வேண்டும் என்று விதித்தனர். சாலையைக் கடப்பவர் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து, அவர் தலையசைத்த பின் நடப்பது வழக்கம். முகமே இல்லாத காரிடம் அதை எப்படிப் பெறுவது என்பது பொறியாளர்கள் முன்னுள்ள கேள்வி.

கயிற்றை அறுத்துக் காட்டியவர்

மின்தூக்கியில் இன்று அஞ்சாமல் ஏறுகிறோம். 1854 இல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் என்பவர், உயரத்தில் தொங்கிய மேடையின் மீது நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை அறுக்கச் சொன்னார். மேடை சற்றே இறங்கி, பாதுகாப்புப் பற்கள் பிடித்துக்கொள்ள, அப்படியே நின்றுவிட்டது. “கயிறு அறாது” என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. “அறுந்தாலும் விழாது” என்று எல்லோரும் காணச் செய்து காட்டினார்.

தானே ஓடும் கார்களைச் செய்வோரும் இதைத்தான் செய்ய வேண்டும். “பிழையே வராது” என்பது அறிவியலின் மொழியன்று. கருவி பழுதானால், மழை மறைத்தால், கணிப்பொறிக்கு ஒன்று புரியாவிட்டால் கார் என்ன செய்யும் என்பதைக் காட்டுவதும், விபத்துக் கணக்கை நிறுவனத்தைச் சாராதவர்களும் சரிபார்க்கத் திறந்து வைப்பதுமே நம்பிக்கைக்கு வழி.

மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: “ஏறுவேன். ஆனால் அதற்குமுன் இரண்டு கேள்வி கேட்பேன். தவறினால் இந்தக் கார் என்ன செய்யும்? தவறியபோது அதைச் செய்தவர்கள் என்ன சொன்னார்கள்?”