வெள்ளம் வடிந்ததும் வயர்மேன் வர வேண்டும்

2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் திருவனந்தபுரத்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றி வடக்கே போய், வெள்ளம் சூழ்ந்த மாவட்டங்களில் மக்களை மீட்டார்கள். அந்தக் கதை நமக்குத் தெரியும். தண்ணீர் வடிந்த பிறகு நடந்த வேலை அவ்வளவாகப் பேசப்படவில்லை.

முகாம்களில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் தங்கியிருந்தார்கள். முழுதாக இடிந்த வீட்டுக்குக் கேரள அரசு 4 லட்சம் ரூபாய் அறிவித்தது. வெள்ளம் புகுந்த குடும்பங்களுக்கு அவசர உதவியாக 10,000 ரூபாய். ஆனால், சுவர் நின்று உள்ளே சேறு நிறைந்த வீட்டில் குடியேறப் பணம் மட்டும் போதாது. ஊரே ஒரே வாரத்தில் எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் தேடினால் கூலி ஏறும், ஆளும் கிடைக்காது.

இந்த இடைவெளியை நிரப்பியது ‘நைபுண்ய கர்ம சேனா’. கேரள அரசின் தொழிற்பயிற்சித் துறையும் சுற்றுச்சூழல் இயக்கமான ஹரித கேரளம் மிஷனும் சேர்ந்து திரட்டிய அணி இது. ஐடிஐ மாணவர்களும் ஆசிரியர்களும் கருவிப் பெட்டியோடு வீடு வீடாகப் போய் வயரிங், குழாய், தச்சு வேலைகளைச் செய்து கொடுத்தார்கள். நனைந்த வீட்டில் மின்சாரம்தான் முதல் ஆபத்து. மெயினை அணைத்து, சுவிட்ச் போர்டைக் கழற்றி, பெட்டிக்குள் படிந்த வண்டலை வழித்தெடுத்து, காயவிட்டு, மின்காப்பைச் சோதிக்கும் மெகர் கருவியால் மின்கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே இணைப்புக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் உயிர் போகும்.

சேறு அள்ளிக் கழுவும் வேலையில் கேரள அரசின் மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் முன்னே நின்றார்கள். இந்த அமைப்பின் அயல்கூட்டங்கள் எனப்படும் அக்கம்பக்கப் பெண்கள் குழுக்கள் வழியாகவே, வீட்டுச் சாமான் வாங்க 1 லட்சம் ரூபாய் வரை வங்கிக் கடனும் தரப்பட்டது. வட்டியை அரசு ஏற்றது. யார் வீட்டில் எது போனது என்று பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும் என்பதே இந்த ஏற்பாட்டின் பலம் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டிலும் 2023 டிசம்பரில் சென்னையும் தூத்துக்குடியும் மூழ்கின. 2024-இல் ஃபெஞ்சல் புயல் விழுப்புரத்தைப் புரட்டியது. நிவாரணத் தொகை வந்தது. ஆனால், இங்கும் பணம் மட்டும் போதாது. நம்மிடமும் ஐடிஐக்கள் இருக்கின்றன, மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் இவர்களைக் கொண்டு பழுதுபார்ப்பு அணிகளை அமைத்து, கருவிகளையும் கொடுத்து வைக்க வேண்டும்.