சிக்னல் இல்லாத மலையில் மொபைல் வழிகாட்டுமா?

விடுமுறை என்றால் ஏற்காடு, கொல்லிமலை என்று கிளம்பும் வாசகர்களில் பலர் இப்போது கல்வராயன் மலைக்கும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலை ஏறினால் வெள்ளிமலை வந்துவிடும். 2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கல்வராயன்மலை வட்டத்திற்குத் தலைமையிடம் இந்த ஊர்தான். சாலையில் காரில் சுற்றி வருவதில் பிரச்சினை ஏதுமில்லை. ஆனால் மலைக் கிராமங்களுக்கு இடையே உள்ள ஒற்றையடிப் பாதைகளில் நடக்க ஆரம்பித்தால், மொபைலில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் காணாமலே போய்விடும்.

"சிக்னல் போய்விட்டால் மொபைல் வெறும் கேமராதானே?" என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. இல்லை. வீட்டிலேயே ஒரு மணி நேரம் செலவழித்துத் தயார் செய்துகொண்டால் அதே மொபைல் உங்களுக்கு நல்ல வழிகாட்டி. அதற்கு என்ன சாதனங்கள் தேவை, எவ்வளவு எடையில் வாங்கலாம், அவற்றை உடம்பிலும் பையிலும் எப்படிப் பொருத்துவது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டாம்

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஜிபிஎஸ் வேலை செய்ய மொபைல் டவரும் தேவையில்லை, இன்டர்நெட்டும் தேவையில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலை உங்கள் மொபைல் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் போதும், நீங்கள் நிற்கும் இடத்தையும் உயரத்தையும் கணக்கிட்டுவிடும். 2000ம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதை நீக்கிய பிறகுதான் இந்தத் துல்லியம் நமக்குக் கிடைத்தது.

பிறகு ஏன் மலையில் சில சமயம் நீலப்புள்ளி வர நேரமாகிறது? ஊரில் இருக்கும்போது எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை மொபைல் இன்டர்நெட் மூலம் ஒரு நொடியில் எடுத்துக்கொள்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் அதையே செயற்கைக்கோளிடமிருந்து நேரடியாக வாங்க வேண்டும். அதன் வேகம் நொடிக்கு 50 பிட்! பழைய டயல்-அப் மோடத்தை நினைத்து அலுத்துக்கொண்டவர்கள் இதைக் கவனிக்கவும். ஒரு செயற்கைக்கோளின் விவரம் முழுதாக வந்து சேர அரை நிமிடம் ஆகும். நடுவில் மரக்கிளை மறைத்தால் மறுபடியும் காத்திருக்க வேண்டும். எனவே சிக்னல் இருக்கும் இடத்திலேயே மேப்பைத் திறந்து, நீலப்புள்ளி வந்த பிறகு நடக்கத் தொடங்குங்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

இருப்பிடம் கிடைத்தாலும் மேப் இல்லாவிட்டால் வெறும் சாம்பல் நிறத் திரையில் ஒரு புள்ளிதான் தெரியும். கூகுள் மேப்ஸில் ஒரு பகுதியை ஆப்லைனாக இறக்கிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் அப்படி இறக்கிய மேப்பில் நடந்து செல்வதற்கான வழி கிடைக்காது. இதற்கு 2004ல் தொடங்கப்பட்ட ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பைப் பயன்படுத்தும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற ஆப்கள் சிறந்தவை. தமிழ்நாடு மேப்பை மட்டும் வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

கல்வராயன் மலையின் ஒற்றையடிப் பாதைகள் எல்லாம் மேப்பில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். போகும் வழியை நாமே வரைந்து எடுத்துச் செல்வது நல்லது. கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் புரோவைத் திறந்து வெள்ளிமலையைத் தேடுங்கள். மேலே உள்ள டூல்பாரில் 'ஆட் பாத்' என்பதைக் க்ளிக் செய்து, பெரிய திரையில் தெரியும் பாதையின் மேல் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போங்கள். ஓகே கொடுத்த பிறகு இடப்பக்கம் அந்தப் பாதையின் பெயர் மேல் ரைட் க்ளிக் செய்தால் 'ஷோ எலிவேஷன் புரொபைல்' என்று வரும். எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்று வரைபடமாகக் காட்டிவிடும். பிறகு 'சேவ் பிளேஸ் ஆஸ்' கொடுத்து கேஎம்எல் பைலாக சேமித்து, அந்த பைலை மொபைலுக்கு அனுப்பி ஆர்கானிக் மேப்ஸில் திறந்துகொள்ளுங்கள்.

நடக்கும்போது இன்னொரு வேலையும் நடக்க வேண்டும். ஓஎஸ்எம்ஆண்ட்டில் 'டிரிப் ரெக்கார்டிங்' வசதியை ஆன் செய்துவிட்டால் நீங்கள் நடந்த வழி கோடாகப் பதிவாகும். திரும்பி வரும்போது அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும்.

எதில் எடை குறைக்கலாம்?

மேலைநாடுகளில் பனிமலை ஏறிச் சறுக்கி இறங்குபவர்கள் எடை விஷயத்தில் கெட்டிக்காரர்கள். பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு இணைக்கும் பிடிப்பான் முன்பு கனமாக இருந்தது. 1980களில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த பிரிட்ஸ் பார்த்தெல், பூட்ஸின் முன்பக்கத்தை இரண்டு ஊசிமுனைகளால் மட்டும் கவ்விப் பிடிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஏறும்போது குதிகால் தாராளமாக உயரும். இறங்கும்போது அதைப் பூட்டிக்கொள்ளலாம். எடை சில நூறு கிராமாகக் குறைந்தது. காலில் ஏறும் எடை, முதுகில் ஏறும் எடையைவிடப் பல மடங்கு களைப்பைத் தரும் என்பதால் இது பெரிய மாற்றம். ஆனால் கவனியுங்கள், விழுந்தால் காலை விடுவிக்கும் வேலையை அவர் கைவிடவில்லை. எடை குறைந்ததே தவிர, உயிர் காக்கும் வசதி குறையவில்லை.

நமக்கும் அதே கணக்குதான். கனமான ஷூ, ஜீன்ஸ், லேப்டாப், டிஎஸ்எல்ஆர் கேமராவின் மூன்றாவது லென்ஸ் ஆகியவற்றை வீட்டில் வைத்துவிடலாம். பேட்டரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பவர் பேங்க்கைத் தராசில் வையுங்கள்

கடந்த நவம்பரில் நான், மைத்துனர், நண்பர் ஒருவர் என மூன்று பேர் வெள்ளிமலைப் பக்கம் இரண்டு கிராமங்களுக்கு இடையே நடந்து போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். வழி முழுவதும் மைத்துனரின் மொபைலில்தான் பதிவாகிக்கொண்டிருந்தது. மாலை நான்கரை மணிக்கு மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஈரப் பாறையில் வழுக்கி மைத்துனருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு பாதை இரண்டாகப் பிரியும் இடத்திற்கு வந்தபோது மொபைல் அணைந்துவிட்டது. "பவர் பேங்க் இருக்கு மாமா, இருபதாயிரம்" என்று எடுத்துச் சொருகினார். நான்கு நிமிடம் மின்னிவிட்டு அதுவும் ஓய்ந்துவிட்டது.

என்னிடம் இருந்த 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் இணைத்து, பத்து நிமிடம் மழையில் நின்று மொபைலை ஆன் செய்தோம். பதிவான கோடு வலப்பக்கப் பாதையைக் காட்டியது. தார்ச்சாலைக்கு வந்து சேர மணி ஏழு.

மறுநாள் மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். என்னுடையது 214 கிராம். 20,000 என்று அச்சிட்டிருந்த அவருடையது 162 கிராம்!

இங்கேதான் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. லேப்டாப் பேட்டரிகளில் இருக்கும் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்லை எடுத்துக்கொள்வோம். நல்ல தரமான செல் ஒன்று சுமார் 3,400 எம்ஏஎச், எடை சுமார் 48 கிராம். 10,000க்கு மூன்று செல், 20,000க்கு ஆறு செல் வேண்டும். ஆறு செல்லின் எடையே 280 கிராமைத் தாண்டிவிடும். இதற்கு மேல் சர்க்யூட் போர்டு, கூடு எல்லாம் இருக்கிறது. தட்டையான பாலிமர் செல்களிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. எனவே 10,000 என்று சொல்லி 150 கிராமுக்குக் குறைவாகவோ, 20,000 என்று சொல்லி 280 கிராமுக்குக் குறைவாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள். பிஐஎஸ் பதிவு எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இன்னொரு விஷயம். 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் அளவு. அது 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது இழப்பும் சேர்ந்து சுமார் 6,000 முதல் 6,500 வரைதான் கிடைக்கும். இது ஏமாற்று அல்ல, மின்சாரக் கணக்கு. ஒரு நாள் நடைக்கு இதுவே தாராளம்.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

மொபைல்: தோள்பட்டை வாரில் மாட்டும் சிறிய பையில், மார்புக்கு மேல் இருக்கட்டும். ஜிபிஎஸ் சிக்னல் மிகவும் பலவீனமானது. நீர் நிறைந்த நம் உடம்பு அதைத் தடுத்துவிடும். பேன்ட் பாக்கெட்டில் வைத்தால் பதிவாகும் கோடு கோணல்மாணலாக இருப்பதற்கு இதுதான் காரணம். கழுத்துக் கயிற்றில் மாட்டாதீர்கள். பையோடு மெல்லிய நூல் கயிற்றால் கட்டுங்கள். புதரில் சிக்கினால் கயிறு அறுந்துபோக வேண்டும், ஆளை இழுக்கக் கூடாது.

பவர் பேங்க்: ஜிப்லாக் கவரில் போட்டு, பையின் நடுவில், முதுகை ஒட்டி வையுங்கள். ஒரு அடி நீளக் கேபிள் போதும்.

ஹெட்லேம்ப்: மொபைல் டார்ச்சை நம்பாதீர்கள், அது பேட்டரியையும் தின்னும், ஒரு கையையும் பிடித்துக்கொள்ளும். தலையில் மாட்டும் டார்ச் 85 கிராம்தான்.

இரண்டாவது மொபைல்: வேறு நிறுவன சிம் போட்ட பழைய கீபேட் மொபைல் ஒன்றை அணைத்து எடுத்துச் செல்லுங்கள்.

என் பையில் இந்த நான்கின் மொத்த எடை, மொபைல் நீங்கலாக, 400 கிராமுக்குள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் குறைவு.

கிளம்பும் முன்

சிக்னல் மறையத் தொடங்கியதும் ஏரோபிளேன் மோடுக்கு மாறிவிடுங்கள். இல்லாத டவரைத் தேடித்தான் மொபைல் பேட்டரியைத் தீர்த்துவிடுகிறது. பெரும்பாலான மொபைல்களில் ஏரோபிளேன் மோடிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். முந்தைய நாளே மொட்டை மாடியில் சோதித்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் கிடைக்கும் கடைசி இடத்திலிருந்து, போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அவசரம் என்றால் 112ஐ அழைக்கலாம். உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லாவிட்டாலும் வேறு நிறுவன டவர் இருந்தால் அந்த அழைப்பு போகும். அப்போது "அருவிக்குப் பக்கத்தில்" என்று சொல்லாமல், மேப்பில் தெரியும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படித்துச் சொல்லுங்கள்.

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்ற பலர் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிகளைக் கொண்டுவந்தது. காட்டுக்குள் செல்ல வனத்துறை அனுமதி கட்டாயம். உள்ளூர்க்காரர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த ஊற்றில் தண்ணீர் இருக்கும், எந்தப் பாதை மழையில் அரித்துப் போயிருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும், ஆப்புக்குத் தெரியாது.

அடுத்த பயணத்துக்குத் தேதி குறிக்கும் முன், வீட்டில் இருக்கும் பவர் பேங்க்கை ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.