இளங்கலைப் பாடத்தாள் மதிப்பெண்ணும் முதுகலைச் சேர்க்கையும்

இளங்கலைப் படிப்பின் ஒரு சில தாள்களில் பெறும் குறைந்த மதிப்பெண், முதுகலைச் சேர்க்கையை இரண்டு விதமாகப் பாதிக்கிறது. தேர்ச்சி பெற்ற தாளின் குறைந்த மதிப்பெண் தரவரிசையைச் சற்றுக் கீழிறக்கும். தேர்ச்சி பெறாத தாள், அதாவது அரியர், பட்டத்தையே நிறுத்திவைக்கும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால், விண்ணப்பிக்கத் தகுதியுள்ள மாணவர் சிலர் ஒதுங்கிவிடுகின்றனர். வேறு சிலர் ஓராண்டை இழக்கின்றனர்.

தேர்ச்சி விதி

திருவாரூர் மாவட்டம் குடவாசலில் உள்ள அரசு கலை, அறிவியல் கல்லூரி, திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றது. இப்பல்கலைக்கழகத்தின் இளங்கலைத் தாள்களில் பொதுவாக அக மதிப்பீட்டுக்கு 25, பருவத்தேர்வுக்கு 75 என மதிப்பெண் பகுக்கப்படுகிறது. தேர்ச்சிக்கு 40 விழுக்காடு வேண்டும். 60 விழுக்காடும் அதற்கு மேலும் முதல் வகுப்பு ஆகும்.

ஒரு தாளின் எடை

முதன்மைப் பாடப் பகுதியில் தலா 100 மதிப்பெண் கொண்ட 20 தாள்கள் இருப்பதாகக் கொள்வோம். எல்லாவற்றிலும் 65 பெற்றவரின் சராசரி 65. அவற்றுள் ஒரு தாளில் மட்டும் 40 பெற்றிருந்தால் சராசரி 63.75 ஆகும், முதல் வகுப்பு நிலைக்கும். ஐந்து தாள்களில் 40 பெற்றிருந்தால் சராசரி 58.75 ஆகி, முதல் வகுப்பு கைநழுவும். ஆகவே ஒரு தாளின் சரிவு தாங்கக்கூடியது; தொடர் சரிவே வகுப்பை மாற்றுகிறது. எனினும், இடங்கள் குறைவாக உள்ள துறையில் ஒன்றேகால் விழுக்காடு வேறுபாடும் இடத்தை முடிவு செய்யலாம்.

சேர்க்கை வழிகள்

அரசுக் கல்லூரிகளின் முதுகலைத் தரவரிசைக்குப் பெரும்பாலும் மூன்றாம் பகுதியான முதன்மை, சார்புப் பாடங்களின் மதிப்பெண்ணே கணக்கிடப்படுகிறது. தமிழிலோ ஆங்கிலத்திலோ 45 பெற்றிருப்பது இவ்வரிசையைப் பாதிக்காது. ஆனால் அவற்றில் தோற்றால் பட்டம் கிடைக்காது.

நீலக்குடியில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், தேசியத் தேர்வு முகமை நடத்தும் பொது நுழைவுத்தேர்வின் அடிப்படையில் முதுகலை மாணவரைச் சேர்க்கிறது. அங்கு இளங்கலை மதிப்பெண் தகுதி வரம்பாக மட்டுமே பயன்படும். வரம்பைத் தாண்டியபின் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணே பேசும். இளங்கலையில் சராசரியாகத் தேறியவருக்கு இது இரண்டாவது வாய்ப்பு.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சராசரியோடு, சேரவிருக்கும் துறைக்கு அடிப்படையான தாள்களையும் தனித்தனியே பார்ப்பதுண்டு. புள்ளியியல் முதுகலைக்கு விண்ணப்பிப்பவரின் நிகழ்தகவுத் தாளில் உள்ள 42, மொழித்தாளில் உள்ள 42-ஐவிடக் கூடுதலாகக் கவனிக்கப்படும்.

வரலாற்று எடுத்துக்காட்டு

குடவாசலுக்கு அருகிலுள்ள கும்பகோணத்தின் அரசுக் கல்லூரியில் 1904-இல் சேர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுசன், கணிதம் தவிர்த்த பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டம் இல்லாத நிலையிலும் 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. வெளியான கட்டுரைகளும் அறிஞர்களின் பரிந்துரையும் அதற்குத் துணைநின்றன. இது விதிவிலக்கு, இன்றைய இணையவழி விண்ணப்பத்தில் தேறாத தாளுக்கு ஈடாகப் பரிந்துரை ஏற்கப்படுவதில்லை.

மாணவர் செய்யக்கூடியவை

பருவத்தேர்வுகள் வழக்கமாக நவம்பரிலும் ஏப்ரலிலும் நடைபெறும். இறுதி ஏப்ரல் தேர்வில் ஒரு தாள் தங்கினால், அதை நவம்பரில் எழுதித் தேறுவதற்குள் அவ்வாண்டுச் சேர்க்கை முடிந்துவிடும். எனவே முந்தைய பருவங்களின் நிலுவைத்தாள்களை ஐந்தாம் பருவத்துக்குள் முடிப்பது நல்லது. முடிவில் ஐயம் இருந்தால் குறித்த நாளுக்குள் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். சில பல்கலைக்கழகங்கள் இறுதிப் பருவ மாணவருக்கு உடனடித் துணைத்தேர்வும் நடத்துகின்றன. எல்லாத் தாள்களிலும் தேறியிருந்தும் சராசரி குறைந்தவர், அரசுக் கல்லூரி விண்ணப்பத்துடன் நுழைவுத்தேர்வுக்கும் விண்ணப்பித்தால் இரு வழிகளும் திறந்திருக்கும்.