பாம்பு பிறந்த ஸ்ரீபெரும்புதூர்

மேஜை இழுப்பறையைக் குடைந்து பாருங்கள். பழைய நோக்கியா போன் ஒன்று கிடைக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! கம்ப்யூட்டர் வாங்கும் முன்பே நம் கைக்கு வந்த வீடியோ கேம் பொம்மை அது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் அதில் பாம்பு வளர்த்தோமே, மறக்குமா?

பேட்டரியைக் கழற்றினால் அடியில் ஒரு லேபிள் தெரியும். அதில் ‘மேட் இன் இந்தியா’ என்று இருந்தால் அது ஸ்ரீபெரும்புதூர் போன். நோக்கியா அங்கே 2006 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கியது. கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்கு வந்தவர்களில் இளம் பெண்களே அதிகம். மைக்ரோசாஃப்ட் 2014-ல் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை கைமாறவில்லை. அதே ஆண்டு நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் ‘விருப்ப ஓய்வில்’ வெளியேறினார்கள். இருபத்தைந்து வயதில் என்ன ஓய்வு? பின்னர் சால்காம்ப் நிறுவனம் அந்த வளாகத்தை வாங்கி, சார்ஜர் தயாரிக்கத் தொடங்கியது.

பாம்புக்கு வருவோம். 1997-ல் வெளியான நோக்கியா 6110 போனுக்காக ஃபின்லாந்து என்ஜினீயர் டனெலி அர்மான்டோ எழுதிய கேம் இது. உண்மையில் அந்தப் பாம்பு நகர்வதே இல்லை! ஒவ்வொரு அடிக்கும் தலைப்பக்கம் ஒரு கட்டம் கறுக்கும், வால்பக்கம் ஒரு கட்டம் அழியும். இரையைத் தின்றால் மட்டும் வாலை அழிக்காமல் விட்டுவிடுவார்கள். நீளம் கூடிவிடும். முதலில் வந்த கட்டம் முதலில் போகும் இந்த ஏற்பாட்டை புரோகிராமர்கள் ‘க்யூ’ என்பார்கள், ரேஷன் கடை வரிசை மாதிரி. இதற்குப் பெரிய திரையும் வேண்டாம். 2003-ல் வந்த நோக்கியா 1100-ன் திரையில் குறுக்கே 96 புள்ளி, நெடுக்கே 65 புள்ளி, அவ்வளவுதான். உங்கள் மானிட்டரில் ஒரு பெரிய ஐகான் பிடிக்கும் இடம்!

மறுபடி விளையாட ஆசையா? முதலில் பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. குத்தவோ குப்பையில் போடவோ வேண்டாம். மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். 2007 ஆகஸ்டில், பிஎல்-5சி பேட்டரிகளில் 4.6 கோடி சூடாகலாம் என்று நோக்கியாவே எச்சரித்தது. எனவே பழசை நம்பாமல் நல்ல கடையில் புதிது வாங்குங்கள். சில மாடல்களில் சிம் போட்டால்தான் மெனு திறக்கும். இன்றைய குட்டி சிம்மை அடாப்டரில் வைத்துப் பொருத்துங்கள்.