முன்னங்காலைத் தூக்கிய ஆடு

மேச்சேரிச் சந்தையில் ஆடு பிடிக்க வருகிறவர் பல்லைப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார். காலைத் தூக்கி நிற்கிற ஆட்டை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். இங்கிலாந்தில் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞருக்கு அந்த ஆடுதான் வேண்டியிருந்தது. வெள்ளாடுகளை இரும்புக் கலத்தில் அடைத்து, காற்றழுத்தத்தை ஏற்றி, சட்டென்று இறக்கினார். சில ஆடுகள் வலியில் முன்னங்காலை மடக்கிக்கொண்டன. முக்குளிப்பவர் கடலடியிலிருந்து நின்று நின்றுதான் மேலே வரவேண்டும் என்ற கணக்கு 1908-இல் அந்த ஆடுகளால் கிடைத்தது.

மேச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள மேட்டூர் அணை நிரம்பினால் 120 அடி. அந்த ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் நாலரை மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் உடம்பில் கூடுதலாகக் கரையும். மேலே ஏறும்போது, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழியாகும். ஒழுங்காக ஏறியவர் ரத்தத்திலும் கொஞ்சம் குமிழி இருக்கலாம். நுரையீரலின் மயிரிழைக் குழாய்கள் அதை வடிகட்டி மூச்சோடு அனுப்பிவிடும்.

ஆனால் கருவில் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலையில்லை. ரத்தம் அதைச் சுற்றிப்போக இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஒரு கதவு உண்டு. பிறந்ததும் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். நாலு பேரில் ஒருவருக்கு முழுக்க ஒட்டுவதில்லை. தரையில் தொந்தரவில்லை. முக்குளித்து வந்தவர் சிலிண்டரைத் தூக்க முக்கும்போது கதவு திறந்து, குமிழி வடிகட்டியைத் தாண்டி மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகலாம். பெரும்பாலோருக்கு அப்படி ஆவதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அந்தக் கதவைக் கண்டுபிடிப்பதும் குமிழியை வைத்துத்தான். குலுக்கிய உப்புநீரைக் கையின் ரத்தக்குழாயில் ஏற்றி, முக்கச் சொல்லி, எக்கோ ஸ்கேனில் இதயத்தைப் பார்ப்பார்கள். இதயத்தின் இடப்பக்கம் குமிழி தெரிந்தால் வழி இருக்கிறது.

பிறவியிலேயே இதயத்தில் பெரிய கோளாறு இருந்து, அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் கதை வேறு. இதயத்தில் உள்ள பழைய தழும்பிலிருந்து துடிப்பு தடம்புரளலாம். தரையில் மயங்கினால் யாராவது தாங்குவார்கள். நீருக்கடியில் மயங்கினால் வாயிலிருந்து மூச்சுக்குழாய்க் கருவி நழுவிவிடும். தண்ணீரில் இறங்கினாலே கால்களின் ரத்தம் அரை லிட்டருக்கு மேல் மார்புக்கு ஏறும். பலவீனமான இதயம் திணறி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கீழறையோடு வாழ்கிறவர்களை மருத்துவர்கள் சிலிண்டரோடு முக்குளிக்கும் ஸ்கூபாவுக்கு விடுவதில்லை.

அந்தமானிலோ புதுச்சேரியிலோ ஸ்கூபாவுக்கு இறங்குமுன் ஒரு படிவம் தருவார்கள். இதய நோய் உண்டா என்ற இடத்தில், ‘சின்ன வயசுலயே ஓட்டையை அடைச்சாச்சே’ என்று பலருக்கு ‘இல்லை’ போடத் தோன்றும். அடைத்த ஓட்டையில் கசிவு இருக்கிறதா என்பது எக்கோவுக்குத்தான் தெரியும். பீரோவில் கிடக்கும் பழைய ஆபரேஷன் ஃபைலை எடுத்துக்கொண்டு, பயணச்சீட்டு போடுவதற்கு முன்னால் இதய மருத்துவரிடம் போங்கள்.