கொரிப்போ: ஊர் உண்டு, ஊராட்சி இல்லை

சுவிட்சர்லாந்தின் தெற்கே, இத்தாலி மொழி பேசும் டிச்சினோ மாநிலத்தில், வெர்சாஸ்கா பள்ளத்தாக்கின் செங்குத்துச் சரிவில் இருக்கிறது கொரிப்போ. கல் சுவர், கல் பலகைக் கூரை என்று வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் சிற்றூர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ 300 பேர் வாழ்ந்தார்கள். நிலம் சோறு போடவில்லை. பெரியவர்கள் கலிபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் சிறுவர்கள் மிலானில் புகைபோக்கி துடைக்கப் போனார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். நாட்டிலேயே மிகச் சிறிய ஊராட்சி என்ற பெயரோடு இருந்த கொரிப்போ, 2020 அக்டோபர் 18 அன்று, பிரியோனே, பிராஸ்கோ, சோனோனோ, வொகோர்னோ முதலிய அண்டை ஊர்களோடு வெர்சாஸ்கா என்ற புதிய ஊராட்சியில் இணைந்தது.

பெரியது என்றாலும் புதிய ஊராட்சியின் மக்கள்தொகை ஆயிரத்தை எட்டவில்லை!

சுவிஸ் ஊராட்சிக்கு அதிகாரம் அதிகம். தன் வரி விகிதத்தைத் தானே முடிவுசெய்யும். குடியுரிமை கேட்பவரின் மனுவை அதுவும் பரிசீலிக்கும். சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் இருக்காது. பூர்விக ஊராட்சியின் பெயர்தான் இருக்கும். அதனால் இணைப்பு என்றதும் ஊருக்கு ஊர் மனம் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஆனால் சின்ன ஊராட்சிகளின் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே ஊர் வேலையையும் பார்ப்பவர்கள். முதியவர்களே மிஞ்சிய ஊரில் அந்தப் பொறுப்பை ஏற்க யார் வருவார்கள்? நாடு முழுக்க இதுதான் நிலை. 1990-இல் 3,000-க்கு மேல் இருந்த ஊராட்சிகள் இன்று ஏறத்தாழ 2,100. கிளாருஸ் மாநிலத்தில் இருந்தவை 25. பத்தாக்கலாம் என்றது அரசு. 2006 மே மாதம் திறந்தவெளியில் கூடிய குடிமக்கள் கை உயர்த்தி, மூன்று போதும் என்று முடிவெடுத்தார்கள். 2011-இல் அது நடைமுறைக்கு வந்தது. தங்கள் ஊராட்சியைக் கலைக்கும் முடிவைத் தாங்களே எடுத்தார்கள் என்பதில் எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

கொரிப்போவின் பழைய வீடுகளில் சில, 2022-இல் விடுதி அறைகளாகத் திறக்கப்பட்டன. கட்டடங்கள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அங்கேயே குடியிருப்பவர்கள், பெரிய அவையில் சொற்ப வாக்குகளாகிவிட்டார்கள். அவர்களுடைய குடிநீரையும் பாதையையும் பற்றி வெர்சாஸ்கா முடிவெடுக்கும்போது, பத்துப் பேரே ஆனாலும், முதலில் அவர்களைத்தான் கேட்க வேண்டும்.