சாலைக்கு முன் வந்த விமானம்

ஓர் ஊருக்கு முதலில் ஒற்றையடிப் பாதை ஏற்படும். பிறகு வண்டிப் பாதை. அதன் பின் மோட்டாரோ ரயிலோ வரும். ஆகாய விமானம் எல்லாவற்றுக்கும் கடைசியிலேதான். இதுவே உலக வழக்கு என்று நாம் எண்ணியிருக்கிறோம். இந்த வரிசையையே தலைகீழாக மாற்றிய பிரதேசம் ஒன்று உண்டு. நியூஸிலாந்து தேசத்தின் தென் தீவிலுள்ள மேற்குக் கரைதான் அது.

கிழக்கே, 3,724 மீட்டர் உயரமுள்ள குக் சிகரத்தைத் தாங்கி நிற்கும் தென் ஆல்ப்ஸ் மலைத்தொடர். மேற்கே, ஓயாது குமுறும் டாஸ்மன் கடல். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய நிலம். கடலிலிருந்து வரும் மேகங்கள் மலையில் மோதி இங்கேயே கொட்டிவிடுவதால், ஆறுகள் திடீரென்று பெருக்கெடுக்கும். தெற்குக் கோடியில் ஹாஸ்ட், ஒகுரு முதலிய இடங்களில் குடியேறிய ஜனங்களுக்கு வெளியுலகத்துடன் மோட்டார்ச் சாலைத் தொடர்பு கிடையாது. ஆறுகளைக் குதிரைமீது கடந்துதான் அவர்களுக்குத் தபால் வந்து சேர்ந்தது.

இந்தக் கரையின் பெயரைப் பத்திரிகைகளில் அடிபடச் செய்தவர் கை மென்ஸீஸ் என்ற 21 வயது வாலிபர். 1931 ஜனவரி 7-ந் தேதி, பெர்த் நகருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் ஸிட்னியிலிருந்து கிளம்பினார். உண்மையில் டாஸ்மன் கடலைத் தன்னந்தனியே தாண்டுவதே அவருடைய உத்தேசம். சுமார் 12 மணி நேரத்துக்குப் பிறகு, ஹாரிஹாரி அருகே பசுமையான சமவெளி ஒன்றைக் கண்டு இறங்கினார். அதுவோ சதுப்பு நிலம்! விமானம் குப்புறக் கவிழ்ந்தது. தலைகீழாகத் தொங்கிய வீரர் வாரை அவிழ்த்துக்கொண்டு சேற்றில் விழுந்தார். நல்ல வேளையாகக் காயமில்லை. அந்தக் கடலைத் தனியாகப் பறந்து கடந்த முதல் மனிதர் அவரே.

ஆனால் சாகஸம் ஒரு நாள் செய்தி, சேவை அப்படியல்ல. 1934-ம் வருஷக் கடைசியில் பெர்ட் மெர்ஸர் என்ற அநுபவசாலியான விமானி, ஹோகிடிகாவிலிருந்து 'ஏர் டிராவல்' கம்பெனியின் விமானப் போக்குவரத்தைத் துவக்கினார். அவரிடம் இருந்தது ஒற்றை என்ஜினுள்ள 'பாக்ஸ் மாத்' விமானம். பிரயாணிகள் மூடிய சிற்றறைக்குள் உட்கார்ந்திருப்பார்கள். விமானி மட்டும் பின்புறம் திறந்த ஆசனத்தில் மழையிலும் காற்றிலும் நனைந்துகொண்டே ஓட்டுவார். விமான நிலையம் இல்லாத இடத்தில் கடற்கரை மணலும் ஆற்றோரத் திடலுமே இறங்குதுறை. தபாலும் மளிகைச் சாமானும் அதில் போயின. அங்கே பிடிக்கப்படும் பொடி மீன் வாடாமல் சந்தைக்கு வந்தது. நோயாளிகள் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். குதிரைக்குப் பல நாளான தூரம் ஓரிரு மணி நேரமாகச் சுருங்கிற்று. பிள்ளைக்கு ஜுரம் கண்ட இரவில், ஆறு எப்பொழுது வடியும் என்று காத்துக் கிடந்த தாய்க்கு, விடிந்ததும் வானத்தில் எழும் அந்த இரைச்சல் எவ்வளவு ஆறுதலாயிருந்திருக்கும்!

அந்த மலைகளை நன்கறிந்த மெர்ஸரே, 1944-ல் தம் கம்பெனி விமானமொன்றில் பிரயாணியாகச் சென்றபோது, அது மலையில் மோதியதால் உயிர் நீத்தார். 1947-ல் கம்பெனி தேசீய விமான ஸ்தாபனத்தில் ஐக்கியமாயிற்று. ஹாஸ்ட் கணவாய் வழியாகச் சாலை திறந்தது 1960-ல்; கரையோரச் சாலை பூர்த்தியானது 1965-ல். அதாவது விமானம் வந்து ஒரு தலைமுறை கழிந்த பிறகே மோட்டார் வந்தது!

ஒரு தேசத்தின் முன்னேற்றத்தைத் தலைநகரின் மாளிகைகளைக் கொண்டு அளப்பது எளிது. கடைசிக் குடிசைக்குத் தபால் எத்தனை நாளில் போகிறது, வைத்தியர் எத்தனை நாழிகையில் போகிறார் என்பதைக் கொண்டு அளப்பதே நியாயமென்று நமக்குத் தோன்றுகிறது.